வாங்கிக்கொள்ளும் கை

'நன்றிக்கடன்' என்ற சொல்லை நாம் அதிகம் யோசிக்காமலே பயன்படுத்தி வருகிறோம். உதவி ஒரு கடன், நன்றி அதன் தவணை என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஸ்டோயிக் என்ற பண்டைய கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த ரோமானியச் சிந்தனையாளரான செனெகா இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டியே ஏழு பாகங்கள் கொண்ட ஒரு நூலை எழுதினார். 'தே பெனிஃபிக்கீஸ்' ('உதவிகளைப் பற்றி') என்ற அந்த லத்தீன் நூல், கி.பி. 56க்கும் 64க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் லிபராலிஸ் என்னும் நண்பரை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டது. ஈகையைப் பற்றிய நூல் என்றுதான் அதை அறிமுகப்படுத்துவார்கள். சில மாதங்களாக மெதுவாகப் படித்துவரும் எனக்கோ, வாங்குவதைப் பற்றி அவர் சொல்லும் இடங்களில்தான் நூலின் உயிர் இருப்பதாகப் படுகிறது.

கொடுப்பவருக்கு அவர் சொல்பவை எளிதில் விளங்குபவை. கேட்பதற்கு முன்பே கொடு. தயங்கிக் கொடுத்தால் அது மறுத்ததற்கு ஒப்பாகும். கெஞ்சிப் பெற்றதைக் காட்டிலும் அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் உலகில் கிடையாது. தன் வறுமையை மறைத்து வாழ்ந்த நண்பன் நோயுற்றபோது, ஆர்கெசிலாஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி அவனுக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் பணப்பையை வைத்துவிட்டு வந்ததை அவர் மெச்சுகிறார். மாறாக, கடனில் மூழ்கிய ஒருவர் உதவி கேட்டபோது ரோமப் பேரரசர் டைபீரியஸ் கடன் கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, அதன்பிறகே பணம் கொடுத்து, கூடவே கடிந்துரைத்தும் அனுப்பினாராம். அந்த மனிதருக்குக் கடன் தீர்ந்தது. ஆனால் அவர் பெற்றதை உதவி என்று சொல்லச் செனெகாவுக்கு மனம் வரவில்லை.

இருவருக்கும் இடையே ஒரு சட்டம் உண்டு என்கிறார்: கொடுத்தவர் அந்தக் கணமே மறந்துவிட வேண்டும், பெற்றவர் ஒருபோதும் மறக்கக் கூடாது. நடைமுறையில் இந்தச் சட்டத்தைத் தலைகீழாகத்தான் கடைப்பிடிக்கிறோம் என்பதை ஒவ்வொரு கல்யாண வீட்டின் மொய் நோட்டும் சொல்லும். செய்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கத்தைப் பற்றி அவர் தரும் கதை கூர்மையானது. ரோமில் அரசியல் எதிரிகளைப் பட்டியலிட்டுக் கொன்ற காலத்தில், சீசரின் (பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆனவர்) நண்பர் ஒருவர் ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்டு, அதைப் போகுமிடமெல்லாம் பேசித் தீர்த்தார். பொறுக்க மாட்டாத அந்த மனிதர், "என்னைச் சீசரிடமே திருப்பிக் கொடுத்துவிடு" என்று கத்தினாராம். வெற்றி ஊர்வலத்தில் கைதியாக இழுத்துச் செல்லப்பட்டிருந்தால்கூட ஒரே ஒரு முறைதானே நடந்திருப்பேன் என்பது அவருடைய வாதம்.

இனி வாங்குபவரைப் பற்றி. மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டவன் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பது ஸ்டோயிக்குகளின் விசித்திரமான கூற்றுகளில் ஒன்று. முதலில் படித்தபோது, வாங்கி ஏப்பம் விடுபவர்களுக்கு வசதியான சாக்கு என்றே எனக்குத் தோன்றியது. பிறகு அதன் தர்க்கம் பிடிபட்டது. கை மாறும் பணமோ பதவியோ உதவியின் அடையாளம் மட்டுமே. உதவி என்பது கொடுத்தவரின் மனம். ஆகவே அந்த மனத்துக்கு ஈடாக நிற்கக்கூடியது இன்னொரு மனம்தான். பொருளுக்குப் பொருள் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு அதற்குப் பிறகும் தனியே இருக்கும். ஸ்டோயிக் ஆசிரியர் கிரிசிப்பஸ் இதைப் பந்து விளையாட்டுக்கு ஒப்பிட்டார் என்றும் செனெகா சொல்கிறார். எறிபவன் எதிரில் நிற்பவனின் திறமை அறிந்து எறிய வேண்டும். பிடிப்பவன் கை நீட்ட வேண்டும். இருவரும் சேர்ந்தால்தான் ஆட்டம். பொருளால் மட்டுமே நன்றியை அளப்போமானால், திருப்பித் தர வழியில்லாத ஏழை பிறவியிலேயே நன்றிகெட்டவனாகிவிடுவான். அந்த இழிவை இந்தக் கூற்று துடைத்துவிடுகிறது என்பதே எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

அடிமை தன் எஜமானனுக்கு உதவி செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அவர் முடியும் என்று துணிந்து பதில் சொல்வதும் இதே வழியில்தான். குருமெண்டம் நகரம் முற்றுகையிடப்பட்டபோது இரண்டு அடிமைகள் எதிரியோடு சேர்ந்துகொள்கிறார்கள். நகரம் விழுந்ததும் முந்திக்கொண்டு ஓடித் தங்கள் எஜமானியைப் பிடித்து, "கொடுமைக்காரி, கொல்ல இழுத்துப் போகிறோம்" என்று வழியில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி, மதிலுக்கு வெளியே கொண்டுபோய் ஒளித்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர் அந்த இடத்திலேயே இருவருக்கும் விடுதலை தந்தார். யாருடைய உயிர் தன் கையில் இருந்ததோ அவர்களிடமிருந்தே தன் உயிரைப் பெற்றுக்கொள்ள அவர் கூசவில்லை என்று செனெகா குறிப்பிடுகிறார். நம்மில் பலர் கீழே இருப்பதாக நினைப்பவரிடம் பெற்ற உதவியை யாரும் இல்லாத மூலையில் நின்று முணுமுணுத்து முடித்துவிடுகிறோம். அப்படி ஒளித்துச் சொல்லும் நன்றியை அவர் நன்றியாகவே ஏற்பதில்லை.

மனம் போதும் என்றால் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் விடலாமா? இதற்கு ஒரு செருப்புத் தைப்பவரின் கதை இருக்கிறது. பித்தாகரஸின் தத்துவ வழியைப் பின்பற்றிய ஒருவர் கடனுக்குச் செருப்பு வாங்குகிறார். சில நாள் கழித்துப் பணத்தோடு போனால் கடை சாத்தியிருக்கிறது, கடைக்காரர் இறந்துவிட்டார். மூன்று நான்கு தினாரியஸ் காசுகளைக் கையில் குலுக்கியபடி சந்தோஷமாக வீடு திரும்பியவருக்கு, அந்தச் சந்தோஷமே உறுத்துகிறது. "அவன் உனக்கு உயிரோடுதான் இருக்கிறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போய்க் கதவின் இடுக்கு வழியாகக் காசுகளை உள்ளே போட்டுவிட்டு வருகிறார்.

எனக்கு நெருடுவது வேறோர் இடம். கடன் கொடுப்பவரைவிட உதவி செய்பவரைக் கவனமாகத் தேர்ந்தெடு என்கிறார் செனெகா. கடன் அடைத்தால் தீரும், உதவியின் உறவு அடைத்த பிறகும் தொடரும். உடனே ஒரு விதிவிலக்கும் சேர்க்கிறார்: கொடுங்கோலன் கொடுத்தால் மறுக்க முடியாது, ஏனெனில் மறுப்பையே அவன் அவமதிப்பாக எடுத்துக்கொள்வான். இதை எழுதியவர் ரோமப் பேரரசர் நீரோவின் ஆசிரியர். சில ஆண்டு அரச நட்பில் 30 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்த்தார் என்று எதிரிகள் பழித்த செல்வந்தர். அவரை வேஷதாரி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அந்த விதிவிலக்கை அவர் தத்துவமாக மட்டும் எழுதியிருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

62ஆம் ஆண்டு அவர் நீரோவிடம் சென்று, தந்த செல்வத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு தனக்கு ஓய்வு தருமாறு கேட்டார். நீரோ இனிமையாகப் பேசி மறுத்து, கட்டித் தழுவி முத்தமிட்டு அனுப்பினார். மூன்றாண்டுகளுக்குப் பின் அவரைச் சாகச் சொல்லி உத்தரவிட்டவரும் இதே நீரோதான். அன்றைய சந்திப்பை எழுதும் வரலாற்றாசிரியர் டாசிடஸ், ஆள்பவரோடு நடக்கும் எல்லாப் பேச்சும் முடிகிறபடியே அதுவும் முடிந்தது என்கிறார்: செனெகா நன்றி சொன்னார்.