எக்ஸெல்லாம் எக்ஸெல்!

கடையில் சட்டை எடுத்தால் எனக்கு எம் சைஸ் கச்சிதம். ஆன்லைனில் சீனாவிலிருந்து வரவழைக்கிறோமே என்று உஷாராக எக்ஸெல் சைஸுக்கு ஆர்டர் போட்டேன். இருபது நாள் காத்திருந்து கவரைக் கிழித்து மாட்டினால், மூன்றாவது பட்டனிலேயே மூச்சு முட்டுகிறது. சைஸ் அட்டவணையில் எக்ஸெல்லுக்கு மார்பளவு 100 செ.மீ., அதாவது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். என் மார்பு 38. சரிதானே? அது உடம்பளவு இல்லையாம், துணியளவாம்! சட்டைக்கு நாலு அங்குலமாவது தளர்வு வேண்டாமா? கீழே பொடி எழுத்தில் ‘2-3 செ.மீ. வித்தியாசம் இருக்கலாம்’ என்று முன்ஜாமீன் வேறு. திருப்பி அனுப்பலாமென்றால் கூரியர் செலவு சட்டை விலையைத் தாண்டுகிறது. இப்போது அதைத் தங்கச்சி மகன் போட்டுக்கொண்டு திரிகிறான். எட்டாம் வகுப்புப் பயல்.