சித்தி வீட்டு விருந்தும் சிகிரியாவும்

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்துல ஒரு மணி நேரந்தான். ஆனா போய் இறங்கினா சித்தி வீட்டு வாசலைத் தாண்ட விடமாட்டாங்க! இன்னைக்கு அங்க விருந்து, நாளைக்குப் பெரியம்மா வீடு, மறுநாள் மச்சான் வீடு. அப்புறம் பாறை உச்சியில இருக்கிற சிகிரியா கோட்டையை எப்பத்தான் பார்க்கிறது?

கொழும்பிலிருந்து அது சுமார் 170 கிலோமீட்டர், கார்ல நாலு மணி நேரம். பத்து மணிக்கு இடியாப்பம் சாப்பிட்டுக் கிளம்பினா, கொதிக்கிற வெயில்ல சுமார் 1,200 படி! உச்சியில நிழலுக்கு வழியில்ல. முட்டிவலிக்கார அப்பாவை எப்படி ஏத்துறது? ஏழு மணிக்குள்ள படியில கால் வைக்கணும்னா முதல் நாளே பக்கத்து ஊரான தம்புள்ளையில தங்கணும். சொன்னா, "நாங்க இருக்கறப்ப லாட்ஜா?"ன்னு முகத்தைத் தூக்கி வச்சுக்கிறாங்க.

பழைய தலைநகரமான பொலன்னறுவைக்குப் போகணும்னா இன்னும் மோசம். 11ஆம் நூற்றாண்டுல சோழர் கட்டின சிவன் கோயில் அங்க இன்னும் நிக்குது. "மீனாட்சி கோயில் ஊர்க்காரங்களுக்கு இது எதுக்கு?"ங்கிறாங்க. எதுக்கா? நம்ம ஆளுங்க கடல் தாண்டிக் கட்டினதை நாம பார்க்காம வேற யாரு பார்க்கிறது? மிச்சமிருக்கிற ஒரே நாளையும் கொழும்புக் கடைத்தெருவான புறக்கோட்டையில புடவைக் கடை தின்னுடுது!