வலிப்பு மாத்திரையும் ஃபோலிக் அமிலமும்: சுற்றும் செய்தி தவறு

“வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் ஆகாது, கர்ப்பம் உறுதியானதும் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த சுமார் 28 நாளில் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனது தெரிவதற்குள் அந்த 28 நாளில் பாதி போயிருக்கும். அதனால்தான், அது சரியாக மூட உதவும் பி வைட்டமினான ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க முயலும்போதே தொடங்கச் சொல்கிறார்கள்; பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம். வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்துகள் நரம்புக்குழாய்க் குறைபாட்டு அபாயத்தைக் கூட்டுவதால், மருத்துவர் 5 மில்லிகிராம்கூட எழுதலாம். நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஃபோலிக் அமிலம் அதிகமானால், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடலாம்.

சரி, வலிப்பு மாத்திரையையே நீங்களாக நிறுத்திவிட்டால்? அது இன்னும் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் ஆகியவற்றின் இணையதளங்களில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.