எல்லா கிளா கப்ளிங்கும் ஒன்றோடொன்று பொருந்துமா?

கிளா கப்ளிங் என்பது இரண்டு ஹோஸ்களை நகம்போன்ற கொக்கிகளால் முறுக்கி இணைக்கும் உலோக இணைப்பு. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளா கப்ளிங் எதுவானாலும் ஒன்றோடொன்று மாட்டும், தண்ணீர், காற்று, நீராவி எதையும் தாங்கும்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

ஒரே வகைக்குள் ஹோஸ் அளவு மாறினாலும் நக இடைவெளி, அதாவது இரண்டு நகங்களுக்கு இடையே உள்ள தூரம், மாறாது. அரை அங்குல ஹோஸை ஒரு அங்குல ஹோஸோடு இணைக்க முடிவது அதனால்தான். வகை மாறினால் கதையே வேறு. தண்ணீருக்குப் பரவலாகப் பயன்படும் கெகா வகையில் அந்த இடைவெளி 40 மி.மீ.; டின் (DIN) 3489 என்ற ஜெர்மன் தரத்துக் காற்றுக் கப்ளிங்கில் 42 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தட்டி, முறுக்கி மாட்டினாலும் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சரியாக அமராது. காற்றழுத்தத்தில் பிடி விட்டால் ஹோஸ் சாட்டைபோல் சுழன்று ஆளை அடிக்கும்.

சரி, நீராவி? உலோகம் தாங்கும், உள்ளே இருக்கும் சீல் தாங்க வேண்டுமே! நைட்ரைல் ரப்பர் சீல் எண்ணெய்க்கு நல்லது, நீராவிக்கு ஆகாது. இபிடிஎம் என்ற இன்னொரு ரப்பர் வெந்நீரைத் தாங்கும், எண்ணெய் பட்டால் உப்பிவிடும். நீராவிக்கு அதற்கென்றே செய்த கப்ளிங்தான் வாங்க வேண்டும்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் வால்வை மூடி, ஹோஸில் மிச்சமுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். பிடி விட்டாலும் ஹோஸ் சுழன்று அடிக்காதபடி, காற்று லைனில் பாதுகாப்புக் கம்பிவடமும் கட்டுங்கள்.