வருடமே இல்லாத லாக்

எல்லா நெட்வொர்க் சாதனங்களின் லாக்கையும் (நடந்ததை நேரத்தோடு எழுதும் பதிவு) ஒரே சர்வரில் சேர்ப்பது இவ்வளவு பாடாக இருக்கவே கூடாது. சாதனங்கள் லாக்கை அனுப்பும் முறையான சிஸ்லாக்குக்கு இரண்டு வரையறைகள். 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3164 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான ஆவண வரிசை), அதுவரை புழக்கத்தில் இருந்ததை எழுதிவைத்தது, அவ்வளவுதான். அதில் தேதி, மணி, நிமிடம், நொடி உண்டு. வருடமும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. ரவுட்டர் இந்திய நேரத்திலும் ஸ்விட்ச் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) எழுதினால், நள்ளிரவில் லிங்க் விழுந்தபோது எது முதலில் நடந்தது என்று யார் சொல்வது?

2009-இல் ஆர்எஃப்சி 5424 இதையெல்லாம் சரிசெய்தது, பழையதை விலக்கியும்விட்டது. ஆனாலும் நாங்கள் புதிதாக வாங்கிய ஃபயர்வால் பழைய வடிவத்தில்தான் அனுப்புகிறது! எரிச்சலாக வருகிறது.

தரவை ஒரே ஓடையாகக் கொண்டுபோகும் டிசிபி வழியாக அனுப்பினால் இன்னொரு தலைவலி: ஒரு செய்தி எங்கே முடிகிறது? ஒரு சாதனம் செய்தியின் நீளத்தை முன்னால் போடும், இன்னொன்று வரி முடிவில் பிரிக்கும். 2012-இன் ஆர்எஃப்சி 6587 இரண்டையுமே பதிவுசெய்திருக்கிறது. இரு முனையும் ஒத்துப்போகாவிட்டால் செய்தியின் தலையில் தேவையில்லாத எண் ஒட்டிக்கொள்ளும், லாக்கைப் பிரித்துப் படிக்கும் பார்சர் திணறும்.

சாதனம் தயாரிப்பவர்களே, டேட்டாஷீட்டில் வெறுமனே ‘சிஸ்லாக் ஆதரவு உண்டு’ என்று போடாதீர்கள். எந்த ஆர்எஃப்சி, எந்தப் பிரிப்பு முறை என்று எழுதுங்கள்.