வாட் மட்டும் போதாது

'அதிக வாட் தாங்கும் சப்வூஃபரே (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) அதிகச் சத்தம் தரும்' என்கிறது ஒரு கட்டுரை. அவசரத் தீர்ப்பு. ஸ்பீக்கரை அதிர வைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைத்தான் அந்த வாட் கணக்கு பெரும்பாலும் சொல்கிறது. சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கருக்கு, அதே சத்தம் வர இரண்டு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். கொடுப்பதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகும். தாமிரக் காயிலின் வெப்பநிலை 200 டிகிரி செல்சியஸ் கூடினால் மின்தடை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும், பிறகு ஆம்ப்ளிஃபையரை எவ்வளவு திருகினாலும் சத்தம் அந்த அளவுக்கு ஏறாது.

ஸ்பீக்கரை வைக்கும் பெட்டியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பெட்டியில், அந்தப் போர்ட் ஒத்திசையும் ட்யூனிங் அதிர்வெண்ணுக்குக் கீழே, ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோனைக் கட்டுப்படுத்தக் காற்றழுத்தம் இருக்காது. காயில் சூடாவதற்கு முன்பே கோன் எல்லை மீறி ஆடும். காயில் பின்தகட்டில் 'டக் டக்' என்று இடித்து நசுங்கும். மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இருப்பது அதற்காகத்தான்.