அமலை யாரும் கட்டாயப்படுத்தவில்லை

ரந்தா அப்தெல்-ஃபத்தா எழுதிய ‘டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?’ நாவலைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. பெற்றோர் வற்புறுத்தி ஹிஜாப் அணியவைத்த ஆஸ்திரேலியப் பெண்ணின் உண்மைக் கதை அது என்கிறது. இரண்டுமே தவறு.

2005-இல் வெளிவந்த அந்த நூல் ஒரு புனைகதை. மெல்போர்னில் வாழும் 16 வயது அமல், பாலஸ்தீனப் பின்னணி கொண்டவள். ஹிஜாப் அணியும் முடிவை அவளேதான் எடுக்கிறாள், அதுவும் ‘ஃபிரண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கையில்! பள்ளியில் என்ன சொல்வார்களோ என்று தயங்குபவர்கள் பெற்றோர்தான். முதல் சில பக்கங்களைப் புரட்டினாலே இது தெரிந்துவிடும்.

குழப்பம் அமலின் தோழி லைலாவிடமிருந்து வந்திருக்கலாம். அவளுக்குச் சீக்கிரமே மணமுடிக்கத் துடிக்கிறார் தாய். மகள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஆனால் அந்தத் தாயின் பிடிவாதம் ஊர்வழக்கத்திலிருந்து வருவது, மார்க்கத்திலிருந்து அல்ல என்பதையும் நாவல் பிரித்துக் காட்டுகிறது. செய்தியை எழுதியவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார் போலும்.

உங்களுக்கு அந்தச் செய்தி வந்தால் மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.